அறைக்குள் பேச்சு, கடலடியில் மௌனம்

அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனம் 1929 அக்டோபரில் வெளியிட்ட 'தி மிஸ்டீரியஸ் ஐலண்ட்' என்ற அறிவியல் புனைவுப் படத்தில், கவுண்ட் டாக்கர் என்னும் கண்டுபிடிப்பாளராக நடித்த லயனல் பாரிமோரும், பின்னர் அவருக்குப் பகைவனாக மாறும் ஃபாலன் என்னும் பிரபுவாக நடித்த மாண்டேகு லவும், படத்தின் தொடக்கப் பகுதியில் ஓர் அறைக்குள் இருந்தபடி சில நிமிடங்கள் வாய்விட்டுப் பேசுகிறார்கள். கடலின் அடித்தளத்தில் மனிதரை ஒத்த உயிரினம் வாழக்கூடும் என்ற டாக்கரின் கருத்து பார்வையாளருக்கு அந்தப் பேச்சின் வழியாகவே தெரியவருகிறது. ஆனால் கதை நீர்மூழ்கிகளுக்கும் கடலடிக்கும் நகர்ந்த பிறகு, பெரும்பாலான காட்சிகளில் அதே மனிதர்களின் உதடுகள் அசைகின்றன, குரல் வருவதில்லை. அவர்கள் சொல்வதைப் பழைய ஊமைப்படங்களின் முறைப்படி எழுத்து அட்டைகள் சொல்கின்றன, பின்னணி இசையும் சில ஓசைகளும் மட்டும் தொடர்கின்றன. பேசும் வசதி கைக்கு வந்த பிறகு, ஒரே படத்தின் மனிதர்கள் அறைக்குள் மட்டும் பேசி மற்ற இடங்களில் ஏன் ஊமையாக வேண்டும் என்ற கேள்வி, திரைப்பட வரலாற்றைச் சார்ந்தது போலத் தோன்றினாலும், அதற்கான விடையின் பெரும்பகுதி இயற்பியலிலேயே இருக்கிறது.

ஒரு பகுதி மட்டும் பேசும் இவ்வகைப் படத்தைப் பகுதிப்பேச்சுப் படம் என்று குறிக்கலாம். பேசும் படங்களின் தொடக்கமாகப் பலரும் கருதும் 'தி ஜாஸ் சிங்கர்' கூட, பாடல்களை நீக்கிப் பார்த்தால், ஓரிரு நிமிடங்களே பேசிய பகுதிப்பேச்சுப் படம்தான். அது 1927 அக்டோபரில் வெளிவந்தது. முழுவதும் பேசிய முதல் நெடும்படமான 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்' 1928 ஜூலையில் திரைக்கு வந்த பிறகு, முடிந்தும் முடியாமலும் கிடந்த ஊமைப்படங்களில் ஒரு பேச்சுக் காட்சியை ஒட்டி வெளியிடும் பழக்கம் ஸ்டூடியோக்களில் பரவியது. ஆட்டு விதைச் சுரப்பியை மனிதருக்குள் பொருத்தி இளமையைத் திருப்பித் தருவதாகச் சொல்லிப் பணம் பார்த்த கான்சாஸ் மாநிலத்துப் போலி வைத்தியர் ஜான் பிரிங்க்லியை நினைவூட்டும் வகையில், இத்தகைய படங்களை ஹாலிவுட்டில் 'ஆட்டுச் சுரப்பிப் படங்கள்' என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலி பல படங்களுக்குப் பொருந்தும். 'தி மிஸ்டீரியஸ் ஐலண்ட்' படத்துக்கு மட்டும் அது முழு நியாயம் செய்வதாகாது.

இந்தப் படத்தின் வேலை பேசும் படம் என்ற எண்ணமே ஸ்டூடியோக்களில் வேரூன்றாத 1926-இல் தொடங்கிவிட்டது. நீருக்கடியில் படம்பிடிப்பதற்காகக் கப்பலிலிருந்து இரும்புக் குழாய் வழியாகக் கண்ணாடிச் சாளரமுள்ள அறையை இறக்கும் முறையை உருவாக்கிய ஜே.ஈ. வில்லியம்சன் பகாமா தீவுகளில் காட்சிகளை எடுத்தார். புயல் அந்த வேலையைக் குலைத்தது. முதல் இயக்குநர் மோரிஸ் டூர்னர் தயாரிப்புத் தரப்போடு ஒத்துப்போகாமல் விலகினார். அவருக்குப் பின் பெஞ்சமின் கிறிஸ்டென்சன் சில காலம் இயக்கினார். இறுதியில் லூசியன் ஹப்பர்ட் படத்தை முடித்துத் தம் பெயரில் வெளியிட்டார். செலவு 10 லட்சம் டாலரைத் தாண்டியது, பட்ட நட்டமும் பெரிது. மூலக்கதையான ஜூல் வெர்னின் நாவலில் டாக்கர் என்பவர் புந்தேல்கண்ட் ராஜாவின் மகன், திப்பு சுல்தானின் உறவினர், கேப்டன் நீமோ என்ற பெயருக்குள் மறைந்து வாழும் இந்திய இளவரசர். படம் அவரை ஹெட்வியா என்ற கற்பனை ஐரோப்பிய நாட்டுப் பிரபுவாக்கி, நாவலில் தலைப்பையும் பெயரையும் தவிர அதிகம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது காலக்கணக்கு: படத்தின் ஒரு பகுதி எடுக்கப்பட்டபோது ஒலிப்பதிவு வரப்போகிறது என்பதே எடுத்தவர்களுக்குத் தெரியாது.

ஒலியைப் பிலிமிலேயே பதிவது என்ற எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. காற்றின் அழுத்த ஏற்ற இறக்கமே ஒலி. மைக் அதை மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. அந்த மின்னோட்டம் ஒரு விளக்கொளியைக் கூட்டிக் குறைத்தால், ஓடும் பிலிமின் விளிம்பில் கறுப்பும் வெளுப்புமான ஒரு நீண்ட கோடு பதிவாகும். இந்தக் கோடுதான் ஒலித்தடம். எம்.ஜி.எம். பயன்படுத்திய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் முறையில், டியூராலுமின் என்ற அலுமினியக் கலவையாலான மெல்லிய நாடாவை வலுவான காந்தத்தின் நடுவே வளைத்துக் கட்டியிருப்பார்கள். நாடாவின் இரு கால்களுக்கும் இடையே சுமார் 0.05 மில்லிமீட்டர் சந்து இருக்கும். மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம் ஒரு காலில் மேலேறி மறு காலில் கீழிறங்குவதால், காந்தப்புலம் இரண்டையும் எதிரெதிர்த் திசைகளில் தள்ளி, சந்தை விரித்துச் சுருக்குகிறது. அதனூடே பாயும் ஒளியும் அதே கணக்கில் கூடிக் குறைகிறது. இ.சி. வென்ட் உருவாக்கிய இந்தக் கருவியை ஒளியடைப்பான் எனலாம். இதில் தடத்தின் அகலம் மாறாமல் கறுப்பின் செறிவு மட்டும் மாறுவதால், இதற்கு அடர்த்தி மாறும் தடம் என்று பெயர். செறிவு மாறாமல் அகலம் மாறும் தடமும் அக்காலத்தில் போட்டிக்கு இருந்தது.

அரங்கில் இந்தப் பயணம் தலைகீழாக நடக்கிறது. ஒரு விளக்கின் ஒளி குறுகிய பிளவு வழியாக ஓடும் தடத்தில் விழுந்து, மறுபக்கத்தில் உள்ள ஒளிமின்கலத்தை அடைகிறது. கலத்தில் பூசப்பட்ட பொட்டாசியம் போன்ற உலோகத்திலிருந்து ஒளி எலக்ட்ரான்களை வெளியேற்ற, மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்று பிறக்கிறது. இதற்கு முன் செலினியம் என்ற தனிமத்தைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் உண்டு. ஒளி பட்டால் செலினியத்தின் மின்தடை குறையும் என்பது உண்மைதான், ஆனால் அது ஒளியின் மாற்றத்துக்குச் சற்றுத் தாமதித்தே எதிர்வினை காட்டுவதால் உயர்சுருதி ஒலிகள் மழுங்கிப்போயின. 1906-இலேயே பிலிமில் ஒலி பதியும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கேட்ட யூஜீன் லாஸ்ட் என்பவரிடம் கருத்து முழுமையாக இருந்தது. கிடைத்த சிறு மின்னோட்டத்தை ஓர் அரங்கு முழுவதும் கேட்கும்படி பெருக்கித் தரும் வெற்றிடக் குழல்தான் இல்லை. அந்தக் குழல் தொலைபேசித் துறையில் பக்குவப்பட்டு வந்த பிறகே சினிமா பேசியது. பேசும் படத்தைத் தொலைபேசி பெற்ற பிள்ளை என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் ஓர் அடிப்படை முரண்பாடு மீதியிருந்தது. தையல் எந்திரத்தில் ஊசிக்கு அடியில் உள்ள துணி ஒவ்வொரு தையலுக்கும் ஒரு கணம் நின்று, பிறகு ஒரு சிறு எட்டு நகர்வதுபோல, கேமராவிலும் புரொஜெக்டரிலும் ஒவ்வொரு படச்சட்டமும் ஒளியின் எதிரே ஒரு கணம் அசையாமல் நின்ற பிறகே அடுத்தது வர வேண்டும். நிற்காவிட்டால் படம் கலங்கிவிடும். ஒலித்தடத்துக்கோ நிற்பது என்பதே ஆகாது, அது இழைபோலத் தடையின்றி ஓட வேண்டும். ஒரு நொடியில் 24 முறை நின்று நின்று ஓடினால் குரலுக்குப் பதில் உறுமலே கேட்கும். எனவே படத்தைக் காட்டும் இடத்தையும் ஒலியைப் படிக்கும் இடத்தையும் புரொஜெக்டருக்குள் பிரித்து, நடுவே பிலிமைத் தளர்வான வளையமாக விட்டு, வெட்டி வெட்டி வரும் ஓட்டத்தைச் சீராக்கிய பிறகு ஒலியைப் படிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. இதன் விளைவாக, ஒரு சொல்லின் ஒலி, அந்தச் சொல்லை உச்சரிக்கும் உதடுகளின் படத்துக்கு அருகில் பிலிமில் இருப்பதில்லை. சுமார் 20 சட்டங்கள் முன்னால், அதாவது ஏறத்தாழ 38 செ.மீ. தள்ளி இருக்கிறது. அறுந்த பிலிமைச் சட்டங்களை நீக்கி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் மட்டுமல்லாமல் அதற்கு அப்பாலும் உதடும் குரலும் சற்று நேரம் பிசகிப்போவது இதனால்தான்.

படத்துக்கும் ஒலிக்கும் உள்ள இந்த வேறுபாட்டின் ஆழமான பக்கம் வேகம். ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 சட்டங்கள் என்று பேச்சுக்குச் சொன்னாலும், 20-உம் 22-உமாக அது ஏறி இறங்கியது. அரங்கில் ஓட்டுபவரும் தம் விருப்பப்படி ஓட்டினார். நடப்பவர் பத்தில் ஒரு பங்கு வேகமாக நடந்தால் கண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காது அப்படிப்பட்டதல்ல. ஒலித்தடம் 6, 7 விழுக்காடு வேகமாக ஓடினால் ஷட்ஜம் சுத்த ரிஷபத்தின் இடத்துக்கு ஏறிவிடும்; அதைவிடப் பலமடங்கு சிறிய ஏற்ற இறக்கமே நீண்டு ஒலிக்கும் ஒரு சுரத்தை அலைபாயச் செய்துவிடும். ஆகவே பேசும் படத்துக்கு ஒரே மாறாத வேகம் தேவைப்பட்டது. நொடிக்கு 24 சட்டங்கள் என்று அது நிலைபெற்றது. அந்த வேகத்தில் பிலிம் நொடிக்குச் சுமார் 456 மில்லிமீட்டர் ஓடுகிறது; நொடிக்கு 5000 முறை அதிரும் ஒலியின் ஒவ்வொரு அதிர்வுக்கும் கிடைக்கும் இடம் 0.09 மில்லிமீட்டர் மட்டுமே. பழைய 16 சட்ட வேகத்தில் அந்த இடம் 0.06 மில்லிமீட்டராகச் சுருங்கி, 'ச', 'ஸ' போன்ற சீறொலிகள் பிலிமின் வெள்ளித் துகள்களுக்குள்ளேயே கரைந்துபோயிருக்கும்.

அறிவியல் புனைவுப் படத்துக்குத் தனியாக வந்த நெருக்கடி இங்கேதான் தொடங்குகிறது. நடிகர்கள் உண்மையான நேரத்தில் உண்மையான அறையில் இருந்து பேசும் காட்சி, மாறாத வேகம் என்ற கட்டளைக்கு எளிதாகப் பணிந்துவிடும். தந்திரக் காட்சியோ காலத்தைக் குலைத்தே உருவாகிறது. தொட்டியில் விட்ட சிறு நீர்மூழ்கிப் பொம்மையை இயல்பான வேகத்தில் படம்பிடித்தால் அது பொம்மையாகவே தெரியும். ஏனெனில் சிறிய அலைகள் சீக்கிரம் எழுந்து சீக்கிரம் விழுகின்றன, புவியீர்ப்பு பொம்மைக்கென்று தன்னைச் சுருக்கிக்கொள்வதில்லை. பொம்மை உண்மையானதில் 16-இல் ஒரு பங்கு அளவானால், கேமராவை நான்கு மடங்கு வேகமாக ஓட்டி, பிறகு இயல்பான வேகத்தில் காட்டினால்தான் அலைகள் பெருங்கடலின் கனத்தோடு புரளும். நீரில் மிதப்பது போன்ற அசைவைத் தரையில் நடிப்பவர்களிடம் வருவிப்பதற்கும் இதே உத்தி உதவுகிறது. சட்டம் சட்டமாக நகர்த்தி எடுப்பது, ஒரே பிலிமை இரண்டு முறை கேமராவுக்குள் ஓட்டி இரு காட்சிகளை ஒன்றாக்குவது போன்ற வேறு உத்திகளும் கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை. இவற்றில் எதனோடும் நேரடியாக ஒலி பதிய வழியில்லை. பதிந்தாலும் நான்கு மடங்கு மெதுவாகி இரண்டு ஸ்தாயி இறங்கிய முனகலே கிடைக்கும். அறை பேசியதும் கடலடி ஊமையானதும் தற்செயலல்ல; படம் எந்த இடத்தில் அறிவியல் புனைவாகிறதோ, பெரும்பாலும் அந்த இடத்திலேயே அன்றைய ஒலிப்பதிவு கைவிட்டது.

அறைக்குள்ளும் பேச்சு எளிதாக வந்துவிடவில்லை. அக்கால மைக் நடிகரின் குரலையும் கேமராவின் படபடப்பையும் பிரித்தறியாது. எனவே கேமராவையும் அதை இயக்குபவரையும் கண்ணாடிச் சாளரம் வைத்த, ஓசை கசியாத பெட்டிக்குள் அடைத்தார்கள். உள்ளே வெந்து வியர்த்தவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ஐஸ்பெட்டி. கேமரா நகர முடியாது, நடிகர் மைக்கை விட்டு விலக முடியாது. இரண்டு பேர் ஓரிடத்தில் இருந்து பேசுவது என்ற அமைப்பு இந்தக் கட்டுப்பாடுகளிலிருந்து தானாகவே பிறந்தது. கார்பன் தண்டுகளுக்கு இடையே மின்பொறி பாய்ந்து எரியும் ஆர்க் விளக்குகள் எழுப்பிய ரீங்காரமும் பதிவில் ஏறியதால், 1928-இல் ஹாலிவுட் ஒளிப்பதிவாளர்கள் விரிவான சோதனைகள் நடத்தி, ஓசையற்ற டங்ஸ்டன் இழை விளக்குகளுக்கும் அவற்றின் செந்நிற ஒளியை உணரும் பிலிமுக்கும் பெருமளவில் மாறினார்கள். சில ஆண்டுகள் கழித்து, பம்பாய் இம்பீரியல் ஸ்டூடியோவில் 'ஆலம் ஆரா' எடுத்தவர்கள் அருகிலிருந்த தண்டவாளத்தின் ரயில் ஓசைக்குப் பயந்து நள்ளிரவுக்குப் பின் வேலை செய்ததும் இதே தொல்லையால்தான்.

'தி மிஸ்டீரியஸ் ஐலண்ட்' தன் தலையில் ஏற்றிக்கொண்ட இன்னொரு சுமை வண்ணம். படத்தின் பெரும்பகுதி டெக்னிகலர் நிறுவனத்தின் இருவண்ண முறையில் எடுக்கப்பட்டது. இம்முறையில் லென்ஸுக்குப் பின்னால் உள்ள பட்டகம் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சிவப்பு வடிகட்டி வழியாகவும் மறுபாதியைப் பச்சை வடிகட்டி வழியாகவும் ஒரே கறுப்பு வெள்ளை பிலிமில் அடுத்தடுத்த இரு சட்டங்களாகப் பதிக்கும். வந்த ஒளியில் பாதி பட்டகத்திலும் மீதியில் பெரும்பங்கு வடிகட்டிகளிலும் போய்விடுவதால், காட்சியில் வெள்ளமாக ஒளி பாய்ச்ச வேண்டியிருந்தது. அதற்கு ஏற்ற விளக்கு ஒலிப்பதிவாளர்கள் ஒதுக்கச் சொன்ன அதே ஆர்க் விளக்குதான். வண்ணம் கேட்டதும் ஒலி மறுத்ததும் ஒரே பொருள் என்ற இந்தச் சிக்கல், ஆர்க் விளக்குகளின் மின்சுற்றில் மின்தூண்டிச் சுருள்களைச் சேர்த்து ரீங்காரத்தை அடக்கும் வரை தீரவில்லை. இதில் வேடிக்கையான ஒன்றும் உண்டு: சிவப்பும் பச்சையும் மட்டுமே பதிவாகும் முறையில் தூய நீலம் வரவே வராது என்பதால், கடலைப் பற்றிய இந்தப் படம் கடலின் நிறத்தைத் தர இயலாத ஒரு முறையைத் தேர்ந்துகொண்டு, பச்சை கலந்த ஓர் ஆழத்தையே காட்டுகிறது.

முன்பே எடுத்த காட்சிகளுக்குப் பின்னால் குரல் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். இசையும் ஓசைகளும் அப்படித்தான் சேர்க்கப்பட்டன: முடிந்த படத்தைத் திரையில் ஓட்டி, இசைக்குழு அதைப் பார்த்து வாசிக்க, அது தனித் தடமாகப் பதிவாகும். பேச்சுக்கு அது ஒத்துவராததற்குக் காரணங்கள் உண்டு. 24 சட்டத்துக்குக் குறைந்த வேகத்தில் எடுத்த காட்சியை 24-இல் ஓட்டும்போது உதடுகள் எந்த மனிதக் குரலும் எட்ட முடியாத விரைவில் துடிக்கும். பதிந்த குரலையும் இசையையும் மறுபடி ஒன்றாகக் கலந்து பதிவதும் அப்போது நல்ல பலன் தரவில்லை; ஒவ்வொரு மறுபதிவிலும் பிலிம் துகள்களின் இரைச்சல் ஒரு படி கூடியது.

ஒரு படத்தின் எந்தப் பகுதி எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதை ஆவணங்கள் சொல்லாவிட்டாலும் பிலிமே சொல்லிவிடும். 1.2 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் ஒரு பொருள் தரையைத் தொட ஏறத்தாழ அரை நொடி எடுக்கும். அந்த வீழ்ச்சி 12 சட்டங்களில் பதிவாகியிருந்தால் கேமரா 24 சட்ட வேகத்திலும், 8 சட்டங்களில் முடிந்துவிட்டால் 16 சட்ட வேகத்திலும் ஓடியிருக்க வேண்டும். ஒலித்தடம் படத்தின் இடது ஓரத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டரைப் பறித்துக்கொள்வதால், ஊமைப்படத்துக்கென்று எடுத்த காட்சியை ஒலிப்பிரதியில் அச்சிடும்போது நடுவில் நின்ற நடிகர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுவார், தலைப்பு எழுத்துகளின் ஓரமும் வெட்டுப்படும். இத்தகைய தடயங்களுக்கெல்லாம் பிரதி கையில் இருக்க வேண்டும். இந்தப் படத்தின் வண்ணப் பிரதி நெடுங்காலம் ஒரு சிறு பகுதி நீங்கலாக அழிந்ததாகவே கருதப்பட்டு, கறுப்பு வெள்ளைப் பிரதியே பார்வைக்குக் கிடைத்து வந்தது. 2013 டிசம்பரில் செக் நாட்டின் பிராக் நகரில் வண்ணப் பிரதி ஒன்று கிடைத்து, மறு ஆண்டு இத்தாலியின் பொர்டெனோனே ஊமைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

பகுதிப்பேச்சுப் படங்களின் ஆயுள் குறுகியது. கேமராவுக்கு மட்டும் பஞ்சடைத்த உறை போடும் வழக்கம் வந்து ஐஸ்பெட்டி ஒழிந்தது, மைக் நீண்ட கழியில் ஏறி நடிகரோடு நகர்ந்தது, பிலிமின் இரைச்சலைக் குறைக்கும் முறைகள் 1930-ஐ ஒட்டி வந்ததும் தனித்தனித் தடங்களைக் கலப்பது அன்றாட வேலையாயிற்று. அதன் பிறகு தந்திரக் காட்சிக்கான ஒலியை அந்தக் காட்சியிலேயே தேட வேண்டிய கட்டாயம் இல்லாமற்போனது. 1933-இல் 'கிங் காங்' படத்துக்கு ஒலி அமைத்த மர்ரி ஸ்பிவாக், சிங்கம், புலி ஆகியவற்றின் உறுமல்களைப் பதிந்து, வேகத்தைக் குறைத்தும் பின்னோக்கி ஓட்டியும் கலந்து, சட்டம் சட்டமாக நகர்த்திப் படமாக்கிய பொம்மைக் குரங்குக்குத் தொண்டை கொடுத்தார்.